இழுக்காத கயிறு

1. முதல் நாள்

ஜின்னிங் ஃபேக்டரியில் நான் ஆயில்மேனாகச் சேர்ந்த அன்று இன்ஜின் டிரைவர் முத்துசாமி அண்ணன் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"இங்க பாரு பழனி. உள்ள எவனுக்கு என்ன ஆனாலும் கத்தாதே. கத்துனா ஒருத்தனுக்கும் கேக்காது. கயித்தை இழு."

ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருந்தது அந்த ஃபேக்டரி. பேர் வேண்டாம். இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்னால் நடந்தவை இவை. நான் நாலாம் கிளாஸோடு நின்றவன். பல ஊரில் பல வேலை பார்த்துவிட்டு, மீசை நன்றாக முளைத்த பிறகுதான் இங்கே வந்தேன்.

சுற்றுப்பட்டிலிருந்து கம்போடியா பருத்தி வண்டி வண்டியாக வந்து இறங்கும். பஞ்சு வேறு, கொட்டை வேறாகப் பிரிக்கிற ஜின் மெஷின் பதினெட்டு, இரண்டு வரிசை. ஒவ்வொரு மெஷின் முன்னாலும் ஒரு பெண் பருத்தியை ஊட்டிக்கொண்டிருப்பாள். தலைக்கு மேலே நீளமாக ஒரு ஷாப்ட் சுற்றும். அதிலிருந்து மெஷினுக்கு ஒரு பெல்ட் இறங்கும். எல்லாம் சேர்ந்து போடுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கேட்காது. அதனால் பெண்கள் வாயால் கூப்பிடுவதையே விட்டிருந்தார்கள். முந்தானையைப் பிடித்து இழுப்பார்கள், இல்லாவிட்டால் ஒரு கொத்துப் பருத்தியை எடுத்து முகத்தில் எறிவார்கள்.

சுவர் ஓரமாக இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு ஓடும். ஷெட் முழுக்கப் போய், கொட்டைக் குடோன் சுவரில் ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து, அங்கே ஒரு இரும்பு வளையத்தில் முடியும். எங்கே இழுத்தாலும் இன்ஜின் ரூமில் மணி அடிக்கும். முத்துசாமி அண்ணன் இன்ஜினை நிறுத்துவார். நிறுத்திவிட்டால் அது லேசில் கிளம்பாது. ஊது விளக்கைக் கொளுத்தி இன்ஜின் தலையைச் சூடு பண்ணி, இரண்டு பேர் சக்கரத்தைப் பிடித்துத் தள்ள வேண்டும். காரணமில்லாமல் இழுத்தவர்களை அவர் திட்டுகிற திட்டை இங்கே எழுத முடியாது.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம் வரும். ஒரு பெல்ட்டின் இரண்டு முனையையும் சேர்க்கிற ஊசியை மூன்று தரம் தடவிப் பார்ப்பேன். வீட்டுக்குப் போய்ப் பாதிச் சோற்றில் 'ஏழாம் நம்பர் பேரிங்குக்கு எண்ணெய் விட்டேனா' என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கயிறு இருக்கிறது என்பது ஒன்றுதான் எனக்குத் தைரியம். எது நடந்தாலும் இழுத்துவிடலாம் அல்லவா?

2. கருப்பண்ணன் கை

சேர்ந்த இரண்டாம் வருஷம், நாலாம் நம்பர் மெஷினுக்கு வருகிற பெல்ட் புல்லிச் சக்கரத்தை விட்டு நழுவியது. பெல்ட்காரன் கருப்பண்ணன் ஏணியில் ஏறினான். கொம்பால் தள்ளி மாட்ட வேண்டியதை அவசரத்தில் கையால் மாட்டினான். நான் ஏணிக்குக் கீழே எண்ணெய்க் கேனோடு நிற்கிறேன். கயிறு என் இடது கைக்கு ஒரு முழம்.

அவன் வலது கை பெல்ட்டோடு போவதைப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத் தெரிந்தது. கயிறும் தெரிந்தது. அதை இழுக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. கை எழும்பவில்லை. கால் ஊன்றிக்கொண்டது. உடம்பு யாருடையதோ மாதிரி அங்கேயே நின்றது. இன்ஜின் முக்குகிற சத்தத்தை வைத்து முத்துசாமி அண்ணன்தான் தானாக நிறுத்தினார்.

கருப்பண்ணனை இறக்கி வண்டியில் போட்டு சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் என்ன செய்தேன்? மிச்சம் இருந்த பேரிங்குக்கெல்லாம் வரிசையாக எண்ணெய் விட்டேன். ஓடாத ஷாப்டுக்கு! கீழே ரத்தம் கிடக்கிறது, நான் அதைத் தாண்டித் தாண்டிப் போய் எண்ணெய் விடுகிறேன்.

"கயித்தை இழுத்தியா?" என்று முத்துசாமி அண்ணன் கேட்டார்.

"இழுத்தேனுங்க. சிக்கிக்கிச்சுங்க" என்றேன்.

மொதலாளி அந்தப் பொய்யை நம்பி, நல்ல கயிற்றைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுக் கயிறு மாட்டினார். கருப்பண்ணன் மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லாமல் திரும்பி வந்தான். அவனை கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கண்டாலே நான் வேறு பக்கம் ஓடிவிடுவேன்.

3. பாவாயி திரும்பி வந்தாள்

பாவாயி ஏழாம் நம்பர் மெஷின். இருபத்தைந்து வயசு இருக்கும். புருஷன் பார வண்டி ஓட்டுகிறவன். சிரித்த முகம். நான் ஏணியில் ஏறினால், "பாத்துங்கண்ணா, நீங்க நடுங்கற நடுக்கத்துல ஏணி நடக்க ஆரம்பிச்சிரப் போவுது" என்று ஜாடையிலேயே கேலி பண்ணுவாள்.

ஒரு வியாழக்கிழமை, வெயில் உச்சியில் இருக்கிறது. பெண்களுக்கு மேஸ்திரியான நல்லம்மா அவளைச் சாக்கு எடுத்துவரக் குடோனுக்கு அனுப்பினாள். நான் அப்போது குடோன் பக்கத்து பேரிங்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். பாவாயி உள்ளே போனதைப் பார்த்தேன். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்ததையும் பார்த்தேன். கையில் இரண்டு சாக்கு. அதை மடித்து நல்லம்மா காலடியில் வைத்தாள். தன் மெஷினுக்குப் போனாள். பருத்தியை அள்ளி ஊட்ட ஆரம்பித்தாள். சாயந்தரம் வரை ஊட்டினாள். வெள்ளிக்கிழமையும் வேலைக்கு வந்தாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், எடைக்காரன் வையாபுரி குடோனுக்குள் வைத்துத் தன்னைப் பலவந்தம் பண்ணிவிட்டான் என்று நல்லம்மாவிடம் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் ஃபேக்டரி முழுக்கத் தெரிந்துவிட்டது.

வையாபுரி மொதலாளிக்கு ஒறம்பரை, சொந்தக்காரன். நெற்றி நிறையத் திருநீறு. வருஷா வருஷம் பழனி மலைக்கு நடந்து போகிறவன். பெண்கள் பிள்ளையைத் தூக்கி வந்தால் பெப்பர்மிண்ட் கொடுப்பான். என்னைக்கூட 'ஏஞ்சாமி, சாப்ட்டியா' என்றுதான் கேட்பான்.

நல்லம்மா என்னிடம் வந்து கேட்டாள். "ஏப்பா பழனி, நீ அங்கதான இருந்தே? பாத்தியா?"

நான் கண்டதைச் சொன்னேன். "ஒண்ணும் தெரியலீங்கக்கா. அவ பாட்டுக்கு வந்தா, அவ பாட்டுக்கு வேலை செஞ்சா."

வாயிலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியம் என் கையை விட்டுப் போய்விட்டது.

4. ஆளுக்கொரு பேச்சு

சனிக்கிழமை முழுவதும் எங்கே திரும்பினாலும் என் வாக்கியத்தையே என்னிடம் திருப்பிச் சொன்னார்கள்.

"அவ பாட்டுக்கு வேலை செஞ்சாளாமே. பழனியே பாத்திருக்கான்."

"அப்பிடி நடந்திருந்தா ஒரு பொம்பளை மக்யா நாளு, வெள்ளிக்கெழமை, வேலைக்கு வருவாளா?"

"அதெல்லாம் குடிகாரனுக, ஊரு பேரு தெரியாதவனுக பண்ற காரியம். வையாபுரி ஊட்ல சம்சாரம் இருக்குது, ரெண்டு பொட்டப்புள்ள இருக்குது."

"எப்பப் பாத்தாலும் பல்லைக் காட்டிட்டுத் திரிஞ்சாள்ல?"

இவையெல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. எங்கள் ஃபேக்டரியில் யாரும் 'ஏன் கத்தவில்லை' என்று கேட்கவில்லை. கத்தினால் கேட்காது என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பதில் எங்கள் தொழிலுக்கு ஏற்ற கேள்வி ஒன்று கிளம்பியது: கயிறு குடோனுக்குள்ளேயே இருக்கிறது. ஏன் இழுக்கவில்லை?

எனக்கு ஆச்சரியமாக இருந்தது, இந்தக் கேள்வியை ஆண்களைவிடப் பெண்கள் அடித்துப் பேசியது. முக்கியமாக நல்லம்மா. பன்னிரண்டு வருஷம் அந்த ஷெட்டில் வேலை செய்தவள். "நானா இருந்தா இழுத்திருப்பேன்" என்று பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பாள். சொல்லும்போது அவள் முகத்தில் கோபம் இல்லை. பயந்துபோன மாதிரி இருந்தது. அது ஏன் என்று எனக்கு மறுநாள்தான் விளங்கியது.

பாவாயியின் மாமியார் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "ஃபேக்டரியில ஒரு முடிவு சொல்லட்டும், அப்பறம் ஊட்டுக்குள்ள வா" என்றுவிட்டாளாம். புருஷன் வாயே திறக்கவில்லை. அவள் ஊர்ச் சாவடியில் போய் உட்கார்ந்திருந்தாள்.

மொதலாளி ஆள் விட்டார். "நாளைக்கு ஞாயித்துக்கெழமை, இன்ஜின் ஓடாது. எல்லாரும் வரணும். ரெண்டு பேர்ல ஒருத்தரு திங்கக்கெழமை இந்த கேட்டுக்குள்ள வரக்கூடாது. பழனி, நீ பாத்ததை வந்து சொல்லோணும்."

வீட்டுக்கு வந்தேன். நான் பார்த்தது பொய்யில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் வந்தாள், வேலை செய்தாள், அதுதானே உண்மை? அப்படிச் சொல்லிக்கொண்டே இருக்கும்போது என் கையைப் பார்த்தேன். கையில் எண்ணெய்க் கேன் இருப்பது மாதிரி விரல் மடங்கியிருந்தது. ஓடாத ஷாப்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு போன பழனியை அப்போது யாராவது பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? 'அவன் பாட்டுக்கு வேலை செஞ்சான், ஒண்ணும் நடக்கல போலிருக்குது' என்றுதானே?

5. பருத்திக் களத்தில்

மொதலாளி களத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் சுற்றி நின்றோம். பாவாயி ஒரு பக்கம் தனியாக. வையாபுரி மொதலாளிக்குப் பக்கத்தில், வேட்டியை மடித்துக் கட்டாமல் பவ்யமாக நின்றான்.

"நான் என்னங்க மாமா சொல்றது," என்று ஆரம்பித்தான். "எடை மேடையில லேசான வேலை கேட்டா. இல்லேன்னேன். அந்தக் காட்டத்துல சொல்றா. அந்த எடத்துல கயிறு இருக்குதுங்க. கைக்கு எட்ற தூரம். கருப்பண்ணனுக்கு ஆனப்பவாச்சும் கயிறு சிக்கிக்கிச்சு. இப்பத்தான் புதுக் கயிறாச்சே, சிக்குமா? இழுத்தாளான்னு கேளுங்க."

மொதலாளி பாவாயியைப் பார்த்தார். "ஏம்மிணி, கயிறு எட்டுச்சா?"

"எட்டுச்சுங்க."

"பின்ன ஏன் இழுக்கல?"

"பாத்தேனுங்க. அதையேதான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். என் கை என்ற கையாவே இல்லீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வையாபுரி தலையை ஆட்டினான், 'கேட்டீங்களா' என்கிற மாதிரி. மொதலாளி என் பக்கம் திரும்பினார். "பழனி, நீ சொல்லு."

இதைச் சொன்னால் வேலை போகும். என் அம்மாவுக்கும் இரண்டு தங்கைகளுக்கும் நான்தான். கருப்பண்ணன் கேட் பக்கத்தில் நிற்கிறான். அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து பாவாயியைப் பார்த்தேன். அவளுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். வெள்ளிக்கிழமையிலிருந்து அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"மொதலாளி, அந்தப் பழைய கயிறு சிக்கலீங்க" என்றேன்.

"எந்தக் கயிறு?"

"கருப்பண்ணன் கை போனப்ப. அது நல்ல கயிறுங்க. நான்தான் இழுக்கல. ஒரு மொழம் தூரத்துல இருந்துச்சுங்க. பாத்துக்கிட்டே நின்னேன். ஆம்பளை நான். என்னை யாரும் புடிச்சுக்கலை, வாயைப் பொத்தலை. அப்பிடியும் கை வரலீங்க. அப்பறம் ரத்தத்தைத் தாண்டித் தாண்டிப் போயி எல்லா பேரிங்குக்கும் எண்ணெய் உட்டேன். பாவாயி பருத்தி ஊட்டுனான்னு சொன்னேனே, அதுவும் இதுவும் ஒண்ணுதானுங்க. அவ பாட்டுக்கு வேலை செஞ்சாளுன்னு நான் சொன்னது தப்புங்க. என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். எனக்குத்தான் மொதல்ல தெரிஞ்சிருக்கோணும்."

கருப்பண்ணன் கேட்டிலிருந்து நடந்து வந்தான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றேன்.

"இவன் இப்பத்தான் சொல்றான்," என்றான் மொதலாளியிடம். "எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. ஏணி மேல இருந்து இவன் மூஞ்சியத்தான் பாத்தேன். வாய் இத்தனை அகலம் தொறந்திருந்துச்சு. சத்தம் வரல. கண்ணு ரெண்டும் கயித்து மேல இருந்துச்சு. ஏன்டா இழுக்கலைன்னு நான் ஒரு நாளும் கேக்கல. கேட்டா என்ற கை வந்துருமா? பெல்ட்டு புடிச்சுது, கை போச்சு. அதுக்கு இவனை ஏன் கேக்கோணும்?"

என்னிடம் திரும்பினான். "நான் சிரிச்சா நீ ஏன்டா ஓடறே? பொண்டாட்டி வையறான்னு சொல்லலாம்னு கூப்புட்டாக்கூட ஓடறே."

அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

அப்போதுதான் நல்லம்மா முன்னால் வந்தாள். முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"மொதலாளி, சாக்கு எடுக்கறது என்ற வேலைங்க. நான் போறதில்லை. மூணு வருசமா அந்தக் குடோனுக்குள்ள நான் தனியாப் போறதில்லை. ஏன்னு இந்த வையாபுரியக் கேளுங்க."

வையாபுரி, "அக்கா, என்ன பேசறே" என்றான்.

"யாருடா உனக்கு அக்கா?" நல்லம்மா குரல் உயர்ந்தது. "நான் போகாம இவளை அனுப்புனேன். இவ மேல தப்புன்னு ஆயிட்டா, அனுப்புன என் மேல தப்பில்லைன்னு ஆயிருமில்ல? அதுக்குத்தான் ரெண்டு நாளாக் கத்திக்கிட்டுத் திரிஞ்சேன். நானா இருந்தா இழுத்திருப்பேன், இழுத்திருப்பேன்னு. அன்னைக்கு அவன் என்ற இடுப்பைப் புடிச்சப்ப நானும்தான் இழுக்கல. யாரோ வர்ற நெழலு தெரிஞ்சு அவனே உட்டுட்டான். அவ்வளவுதான் எனக்கும் இவளுக்கும் வித்தியாசம்."

பதினோராம் நம்பர்க்காரி ஒருத்தி, "என்னையும்ங்க" என்றாள். பின்னாலிருந்து இன்னொருத்தி. யார் யார் என்று பார்க்கத் திரும்புவதற்குள் எல்லாப் பெண்களும் இருந்த இடத்தை விட்டு நகர்ந்து பாவாயி நின்ற பக்கம் போய் நின்றிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. தானாக நடந்தது.

வையாபுரி நைசாக கேட் பக்கம் நகர்ந்தான். கருப்பண்ணன் இருக்கிற ஒரு கையால் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அதன் மேல் சாய்ந்துகொண்டான். "எங்கீங்க கெளம்பீட்டீங்க? பழனி மலைக்கு நடந்தா?"

மொதலாளி வையாபுரியை ஒரு தரம் பார்த்தார். ஒறம்பரை அல்லவா. பிறகு எழுந்து, "ஊர் மணியகாரரைக் கூட்டிட்டு வாங்க. போலீசுக்கு எழுதட்டும்" என்றார். என்னை அவர் திட்டவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. "அத்தனை நல்ல கயித்தைக் கழட்டிப் போட வெச்சிட்டியேடா" என்றதோடு சரி.

அன்று பாவாயியை அவள் வீட்டுக்கு நல்லம்மாதான் கூட்டிக்கொண்டு போனாள். கூடப் பதினைந்து பெண்கள். மாமியார் வாசலை மறிக்க இடமில்லாமல் போயிற்று. புருஷன் உள்ளேயிருந்து வந்து, "வா" என்றானாம். மூன்று நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை.

கேஸ் சேலம் கோர்ட்டுக்குப் போனது. சாட்சி சொல்லப் போன நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீலும் கயிற்றைத்தான் பிடித்தார். இருந்ததா, எட்டியதா, இழுத்தாயா. பாவாயி நிமிர்ந்து நின்று கேட்டாள்: "ஏனுங்க, நான் கயிறு இழுக்காததுக்கா இந்தக் கேசு?" வக்கீல் காகிதத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். வையாபுரிக்குத் தண்டனை ஆயிற்று.

6. திங்கட்கிழமை

ஆனால் ஜெயித்த நாள் எது என்று என்னைக் கேட்டால் நான் கோர்ட்டைச் சொல்லமாட்டேன். களத்தில் பேசியதற்கு மறுநாளைத்தான் சொல்வேன்.

பாவாயி வேலைக்கு வந்தாள். ஏழாம் நம்பரில் நின்றாள். ஷாப்ட் சுற்றி, பதினெட்டு மெஷினும் இரைய ஆரம்பித்து, பஞ்சு பறக்கிற நேரம். அவள் மெஷினை விட்டு நகர்ந்து சுவர் பக்கம் போனாள். கயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

மணி அடித்தது. இன்ஜின் நின்றது. ஷாப்ட் மெல்ல மெல்ல ஓய்ந்தது. அத்தனை இரைச்சலுக்குப் பிறகு அந்த ஷெட்டில் வருகிற அமைதி காதை அடைக்கும். நான் எண்ணெய்க் கேனைப் போட்டுவிட்டு ஓடினேன். இன்ஜின் ரூமிலிருந்து முத்துசாமி அண்ணன் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"யாருக்கு? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா," என்றாள் பாவாயி. கயிறு இன்னும் அவள் கையில்தான் இருந்தது. "இழுக்க வருதான்னு பாத்தேன்."

முத்துசாமி அண்ணன் வாயைத் திறந்தார். நாங்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக நின்றோம்.

வாழ்நாள் முழுக்க நான் பயந்தவன். இன்றும் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறவன்தான். அந்தப் பயத்தினால் எனக்குத் தெரிந்த ஒன்றை, வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு எழுதி வைக்கிறேன். ஒருத்திக்குக் கொடுமை நடந்தது என்று கேள்விப்பட்டால், 'ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை, ஏன் மறுநாள் வேலைக்கு வந்தாள்' என்று நம் வாயில் முதலில் வரும். அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள நாம் அதைக் கேட்பதில்லை. நமக்கு அப்படி நடக்காது, நம் வீட்டுப் பெண்ணுக்கு நடக்காது, நமக்கு பெப்பர்மிண்ட் கொடுத்தவன் கெட்டவனாக இருக்கமாட்டான் என்று நம்மை நாமே தேற்றிக்கொள்ளத்தான் கேட்கிறோம். தேறுதல் நமக்கு, அடி அவளுக்கு. நான் அந்த அடியைக் கொடுத்தவன். அதனால் சொல்கிறேன். செய்தவனைக் கேளுங்கள்.

முத்துசாமி அண்ணன் திறந்த வாயை மூடினார். பாவாயியைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார்.

"வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சுங்க."

"செரி" என்று திரும்பிப் போனார். ஒரு வார்த்தை திட்டாமல் ஊது விளக்கைக் கொளுத்தி இன்ஜின் தலையைச் சூடு பண்ண ஆரம்பித்தார். சக்கரத்தைத் தள்ள நானும் கருப்பண்ணனும் போனோம். அவனுக்கு ஒரு கை, எனக்கு இரண்டு. மூன்று கையில் இன்ஜின் கிளம்பிவிட்டது.